நிகழ்த்துகலைகளில் முனைவர் பட்ட ஆய்வு

நிகழ்த்துகலை முனைவர் பட்ட ஆய்வு என்பது இசை, நடனம், நாடகம், கூத்து முதலான கலைகளைப் பொருளாகக் கொண்டு, பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து நெறியாளர் ஒருவரின் கீழ் மேற்கொள்ளப்படும் உயர்நிலை ஆய்வு. கலை உடலாலும் குரலாலும் கைமாறி வருவது; பட்டமோ எழுதப்பட்ட ஆய்வேட்டுக்கு வழங்கப்படுவது. இத்துறையின் முறைகளும் விவாதங்களும் பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்தே பிறந்தவை.

வரலாறு

தமிழிசை ஆய்வின் அடிப்படை நூல்கள் பட்டத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. 'கருணாமிர்த சாகரம்' (1917) எழுதிய ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். வயலின் கற்றதும் அவ்வூரில்தான், சடையாண்டிப் பத்தரிடம். 'யாழ் நூல்' (1947) தந்த விபுலாநந்தர் துறவி.

பல்கலைக்கழகங்களில் இசை தனித்துறையாக வேரூன்றியது 1930களில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி. சாம்பமூர்த்தியின் பணியும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியும் அதற்கு வழி வகுத்தன. பின்னர் மேடைக் கலைஞர்களே ஆய்வாளர்களாயினர். எஸ். இராமநாதன் சிலப்பதிகாரத்தின் இசையையும், குழல் கலைஞர் டி. விசுவநாதன் இராக ஆலாபனையையும் ஆராய்ந்து 1970களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றனர். பரதநாட்டிய இசையை ஆராய்ந்த ஜான் ஹிக்கின்ஸ் அங்கேயே 1973இல் முனைவரானார். கச்சேரி மேடையில் அவர் 'பாகவதர்' என்று அழைக்கப்பட்டவர். பத்மா சுப்ரமண்யம் கரணங்கள் எனப்படும் ஆடல் அசைவுகளை ஆராய்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். நாட்டிய சாத்திரம் சொல்லும் 108 கரணங்களில் 81 தஞ்சைப் பெரிய கோயிலில் செதுக்கப்பட்டுள்ளன. நூல், சிற்பம், ஆடும் உடல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஆராயும் போக்குக்கு அவருடைய ஆய்வு முன்மாதிரியானது.

சேர்க்கையும் நடைமுறையும்

இந்தியாவில் இந்த ஆய்வு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கு உட்பட்டது. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண், அல்லது நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு தேவை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. 'நெட்' எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இசை ஒரு பாடம். நடனமும் நாடகமும் 'நிகழ்த்துகலை' என்னும் மற்றொரு பாடத்தில் அடங்கும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய்.

பாடநெறியும் சேர்த்துக் குறைந்த கால அளவு 3 ஆண்டுகள். பொதுவான உச்ச வரம்பு 6 ஆண்டுகள். மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் சலுகை உண்டு. பகுதிநேரமாகவும் பதிவு செய்யலாம். பணியில் இருப்பவர் தம் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். ஆய்வேட்டை வெளி மதிப்பீட்டாளர்கள் ஏற்ற பின் வாய்மொழித் தேர்வு நடைபெறும். ஏற்கப்பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' மின்னணுக் களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. புதிதாகத் தலைப்புத் தேர்பவர் முதலில் தேட வேண்டிய இடம் அதுவே.

ஆய்வு முறைகள்

இலக்கணநூல், சுவடி, கல்வெட்டு, இசைத்தட்டு ஆகியவற்றைக் கொண்டு செய்வது வரலாற்று ஆய்வு. நிகழ்த்துவோரோடு தங்கி, கற்று, பதிவு செய்வது கள ஆய்வு. சூசன் செய்சர் மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடக நடிகர்களையும், ஹன்னே டி ப்ரூயின் கட்டைக்கூத்தையும் இவ்வகையில் ஆராய்ந்தனர். நாதசுரச் சக்கரவர்த்தி டி. என். இராஜரத்தினம் பிள்ளையைப் பற்றிய யோஷிதகா தெரடாவின் ஆய்வேடு (1992), ஒரே கலைஞரின் புகழை வெவ்வேறு சமூகத்தார் எவ்வாறு பொருள்கொண்டனர் என்று காட்டியது.

நிகழ்வையே ஆய்வின் பகுதியாகக் கொள்வது மூன்றாம் முறை. பிரிட்டன், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மேடையேற்றமும் விளக்கவுரையும் சேர்ந்தே மதிப்பிடப்படுகின்றன. தமிழ்நாட்டில் எழுத்துவடிவ ஆய்வேடே மையம். ஒலி, ஒளிப் பதிவுகள் பின்னிணைப்பாகவே இடம்பெறுகின்றன.

நிறுவனங்கள்

சென்னை, அண்ணாமலைப் பல்கலைக்கழகங்களின் இசைத்துறைகள், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் இசை, நாடகத் துறைகள், சென்னையில் 2013இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம், திருச்சி கலைக் காவிரி ஆகியவை முதன்மையானவை. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியை உருவாக்கியவர் நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி.

பழனி – திண்டுக்கல் வட்டாரம்

பழனி வட்டத்துப் பேரூராட்சியான பாலசமுத்திரத்தைச் சுற்றி ஆய்வுப் பொருளுக்குக் குறைவில்லை. பழனிக் கோயில் நாதசுர, தவில் பயிற்சிப் பள்ளியை நடத்துகிறது. அன்றாடப் பூசையிலும் தைப்பூசம், பங்குனி உத்திரக் காவடிகளிலும் இசையின் இடத்தை அருகிலிருந்தே பதிவு செய்யலாம். மாவட்டத்தின் கம்பளத்து நாயக்கர் ஊர்களில் தேவராட்டம் வழங்குகிறது. பழனியிலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவிலுள்ள கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் (1984) இசைத்துறையைக் கொண்டுள்ளது.

திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் 1977இல் தேசிய நாடகப் பள்ளி நடத்திய நீண்ட பயிற்சிப் பட்டறை நவீனத் தமிழ் நாடகத்தின் திருப்புமுனை. அதை வழிநடத்திய ஜி. சங்கரப் பிள்ளையும் சே. இராமானுஜமும் காந்திகிராமத்தில் பணியாற்றியவர்கள். இராமானுஜம் பின்னர் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பேராசிரியரானார். பட்டறையில் பயின்ற மு. இராமசாமி மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். தோற்பாவை நிழற்கூத்தை ஆய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

திண்டுக்கல் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் தலித் இளம்பெண்கள் பறையாட்டம் கற்கின்றனர். மதுரை இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு ஆக்கிய நாட்டுப்புறக் கிறித்தவ இசையை ஆராய்ந்து 1998இல் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்க இசை மானிடவியலாளர் ஸோயி ஷெரினியன், பின்னர் இம்மையத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

சிக்கல்களும் பணி வாய்ப்பும்

நுழைவுத் தகுதியே முதல் தடை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் தருவது மூன்றாண்டுச் சான்றிதழ். அது முதுகலைக்கு ஈடாகாது. எனவே பறை, தவில், கூத்துக் கலைஞர் பலர் பிறருடைய ஆய்வேட்டில் தகவலாளராக மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்களுடைய ஒப்புதல், பதிவுகளின் மீதான உரிமை, ஊதியம் ஆகியவை இன்று ஆய்வறத்தின் முக்கியக் கேள்விகள்.

கற்பித்தலுக்கு முனைவர் பட்டம் ஒன்றே வாயில் அன்று. மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, இளங்கலைப் பட்டத்துடன் புகழ்பெற்ற ஆசான்களிடம் பயின்று வானொலி அல்லது தொலைக்காட்சியில் 'ஏ' தரம் பெற்ற கலைஞர், இசை, நடனத் துறைகளில் உதவிப் பேராசிரியராகலாம். தம் கலையைத் தர்க்கத்தோடு விளக்கும் ஆற்றலும் அவருக்கு வேண்டும். ஆசிரியர் நியமனத்தில் குருகுலப் பயிற்சிக்குக் கிடைத்துள்ள இந்த இடம், ஆய்வுப் பதிவுக்கான தகுதியில் இன்னும் கிடைக்கவில்லை.