கிழவன் குடித்த சுறா எண்ணெய்

ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ நாவலில் சாந்தியாகோ தினமும் ஒரு கோப்பை சுறா ஈரல் எண்ணெய் குடிக்கிறான். மீனவர்கள் சாமான் போட்டுவைக்கும் கொட்டகையில் பெரிய பீப்பாய் நிறைய எண்ணெய் இருக்கும். வேண்டியவர்கள் மொண்டு குடிக்கலாம். பலருக்கு அதன் ருசி ஆகாது. சளி அண்டாது, கண்ணுக்கும் நல்லது என்று கிழவன் விழுங்கிவிடுவான்.

இந்த நாவலின் சுறாக்களை விதி என்றும் தீமை என்றும் எழுத்தாளரைக் குதறிய விமர்சகர்கள் என்றும் விளக்கியிருக்கிறார்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். பக்கத்துத் தூத்தூர் வட்டாரத்தார் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். சுறா என்றால் எங்கள் கரைக்கு முதலில் அது தொழில்; கருவாடு, எண்ணெய், அன்றைய விலை. அதனால் என் வாசிப்பு அந்தப் பீப்பாயிலிருந்துதான் தொடங்குகிறது.

1936-ல் ‘எஸ்குயர்’ இதழில் ஹெமிங்வே ஒரு கட்டுரை எழுதினார். தனியாகப் போன ஒரு கிழவர் பெரிய மார்லின் மீனைப் பிடித்ததையும், சுறாக்கள் அதைப் பாதிக்குமேல் தின்றுவிட, மற்ற மீனவர்கள் கண்டெடுத்தபோது அவர் படகில் அழுதுகொண்டிருந்ததையும் அதில் சில வரிகளில் சொல்லியிருக்கிறார். நாவலின் விதை அதுதான். அங்கே பீப்பாயும் இல்லை, சுறா ஆலையும் இல்லை. 1952-ல் நாவல் வந்தபோது இரண்டும் இருக்கின்றன.

இடையில் போர் வந்துபோயிருந்தது. 1940-ல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்ததும் காட் மீன் ஈரல் எண்ணெய் அமெரிக்காவுக்கு வருவது தடைபட்டது. வைட்டமின் ஏ-வுக்கு அன்று மீன் ஈரலைத்தான் நம்பியிருந்தார்கள். சுறா ஈரலில் அது மிகுதி. விலை ஏறியது. ஹவானாவுக்குக் கிழக்கே, நாவலின் களமாகக் கருதப்படும் கோஹிமார் மீனவர்களும் சுறாவின் பின்னே போனார்கள். 1947-ல் ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ இஸ்லரின் குழு வைட்டமின் ஏ-யைச் செயற்கையாகத் தயாரிக்க வழி கண்டது. அதன் பிறகு ஈரலுக்கு இருந்த மவுசு குறைந்துகொண்டே போனது.

இந்த விலையேற்றத்தின் தடம் நாவலில் அப்படியே இருக்கிறது. இளைஞர்களிடம் மோட்டார் படகு உண்டு. ஈரலுக்கு நல்ல காசு கிடைத்த நாட்களில் வாங்கியது. குடாவின் எதிர்க்கரையில் சுறா ஆலை. கப்பிக் கயிற்றில் தூக்கி ஈரலை எடுப்பார்கள், துடுப்புகளை அறுப்பார்கள், தோலை உரிப்பார்கள், சதையைக் கீற்றுப் போட்டு உப்பிடுவார்கள். கீழைக்காற்று அடித்தால் துறைமுகம் முழுக்க அந்த வாடைதான்.

சாந்தியாகோ அந்தக் காசின் பக்கம் போனதாகக் கதையில் இல்லை. துடுப்புப் படகில் போய் 40, 75, 100, 125 பாக ஆழங்களில் இரை இறக்குகிறான். கயிறு செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதில் அத்தனை கவனம். அதிர்ஷ்டம் வரும்போது தயாராக இருக்க வேண்டும் என்ற தொழில் ஒழுக்கம் அது. எனக்கு நாவலின் உயிரே இந்த இடம்தான்.

அவனையும் சுறா விடவில்லை. அவன் பிடித்த மார்லினைத் தின்னும் அதே இனத்தின் ஈரல் எண்ணெய்தான் அவன் உடம்பில் தெம்பாக ஓடுகிறது. இதை வைத்துப் பார்த்தால் சுறாவைத் தீமையின் சின்னம் என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. முதலில் வந்து தாக்கும் மாக்கோ சுறாவின் அழகையும் அஞ்சாமையையும் அவனே மெச்சுகிறான். அழுகல் தின்ன வரும் கலானோ சுறாக்களைத்தான் வெறுக்கிறான். தொழில் தெரிந்தவன் எதிரிகளைப் பிரித்துப் பார்க்கும் விதம் இது. தன் நாவலில் குறியீடு எதுவும் இல்லை, சுறா சுறாதான் என்று கலை விமர்சகர் பெரன்சனுக்கு எழுதிய கடிதத்தில் ஹெமிங்வே சாதித்தார். அவர் பேச்சை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் சுறாவை முதலில் சுறாவாகப் பார்க்கச் சொன்னாரே, அது சரி.

கடைசிப் பக்கத்தில் ஒரு சுற்றுலாப் பெண் கரையோரம் கிடக்கும் எலும்பையும் வாலையும் காட்டி என்னவென்று கேட்கிறாள். சுறாக்கள் செய்ததை விளக்க முயல்கிறான் பரிமாறுபவன். அவளோ அந்த மார்லினையே சுறா என்று எடுத்துக்கொள்கிறாள். கோஹிமார் சிறுவன் எவனும் அப்படி ஏமாந்திருக்க மாட்டான். எதிர்க்கரையில் சுறா அறுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் அவன்.