தரங்கம்பாடிக் கோட்டை: பண்டகசாலை முதல் அருங்காட்சியகம் வரை

மயிலாடுதுறை மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் தரங்கம்பாடி. அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்கச் செல்வோர் உள்ளே வைக்கப்பட்டிருக்கும் பொருள்களையே பெரிதும் கண்டு திரும்புகின்றனர். அவற்றைத் தாங்கி நிற்கும் கட்டடமே நானூறு ஆண்டுகால வரலாற்றைக் கொண்டது என்பதை இக்கட்டுரையில் நினைவுகூர விழைகிறோம்.

1616இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. அடுத்த நான்காண்டுகளில் ஓவே கெட்டே என்னும் தளபதி, தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் வணிக உரிமையும் கோட்டை கட்டும் இசைவும் பெற்றார். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் டென்மார்க்கில் பாதுகாக்கப்படுகிறது. இவ்வாறு 1620இல் எழுந்ததே டேன்ஸ்போர்க் கோட்டை. கீழ்த்தளத்தில் பண்டகசாலையும் சிறைக்கூடமும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநரும் மூத்த வணிகர்களும் பாதிரியாரும் தங்கினர். மிளகும் துணியும் இங்கிருந்து கப்பலேறின.

கோட்டைக்கு வந்த பெருஞ்சோதனை பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் நேர்ந்தது. தாய்நாட்டில் போரும் பணமுடையும் மிகுந்தமையால் டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவதே நின்றுபோயிற்று. கம்பெனி 1650இல் கலைக்கப்பட்டது. ஒருவர்பின் ஒருவராக டேனியர்கள் மாண்டுபோக, 1655இல் எஞ்சியவர் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே என்னும் ஒரே ஒருவர்தாம். உள்ளூர் வீரர்களைத் துணைக்கொண்டே அவர் கோட்டையைக் காத்து நின்றார். 1669இல்தான் மீண்டும் ஒரு டேனியக் கப்பல் வந்து சேர்ந்தது. கொடி அந்நியருடையதாயினும் காத்த கைகளுள் பெரும்பாலானவை இம்மண்ணின் கைகளே என்பதை நாம் மறத்தலாகாது.

1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் சிராம்பூரும் உள்ளிட்ட குடியேற்றங்கள் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. பின்னர் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தபோது வணிகமும் அவ்வழியே சென்றது. தரங்கம்பாடித் துறைமுகம் ஓய்ந்தது. ஆயினும் கோட்டை பாழாகவில்லை. பயணியர் மாளிகையாக 1978 வரை அது பயன்பட்டு வந்தது. ஆள் புழங்கிய வீடு இடிவதில்லை என்று பெரியோர் சொல்வதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அதன்பின் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பொறுப்பேற்று, 1979 முதல் அருங்காட்சியகமாக நடத்தி வருகிறது. டேனிய ஆவணங்கள், சீனப் பீங்கான்கள், வாள்கள், பீரங்கிக் குண்டுகள், சுதைச் சிற்பங்கள் ஆகியன இங்குள்ளன. அருகிலுள்ள பழைய மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அதே கடலின் முன்னேதான் கோட்டையும் நிற்கிறது. டென்மார்க் ஆர்வலர்களின் துணையுடன் நடந்த சீரமைப்புப் பணிகள் அதன் ஆயுளை நீட்டித்துள்ளன.

ஜமாஅத்தார் தம் பிள்ளைகளுடன் ஒருமுறை அங்குச் சென்று வருதல் நன்று. நம் ஊரிலுள்ள பழைய கட்டடங்களுக்கும் பத்திரங்களுக்கும் இத்தகைய வரலாறு இருக்கக்கூடும். அறிந்த மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவைப்போமாக.