நான்கடிக் கம்பி

எங்கள் விடுதியில் ஆய்வு மாணவர் ஒருவர், பேச்சொலித் தரவுகளைப் பகுப்பாய்வதற்காகச் சிறு கணினி ஒன்றைத் தாமே அமைத்தார். பெட்டியின் மொத்தக் கொள்ளளவு 12 லிட்டர். பயணப் பையில் அடங்கிவிடும். அதற்குள் ஒவ்வொரு மின்கம்பிக்கும் தனித்தனியே பின்னலுறை மாட்டியிருந்தார். செயலியையும் வரைகலை அட்டையையும் சுற்றி நீர்க்குழாய்கள் ஓடின. பார்த்தவர்கள் அனைவரும் 'நல்ல அலங்காரம்' என்றனர். நானும் அப்படித்தான் எண்ணினேன். அவர் சற்றுச் சலிப்புடன் விளக்கினார்: கடையில் கிடைக்கும் மின்வழங்கியின் கம்பி அரை மீட்டருக்கும் மேல் நீளம், பெட்டியோ ஒரு முழம்கூட இல்லை. மிச்சக் கம்பியைத் திணித்தால் மூடி மூடாது, காற்றும் போகாது. ஆகவே அளந்து வெட்டினார். இடம் குறைந்ததால் பெரிய காற்றாடி பொருந்தவில்லை, ஆகவே நீர்.

இந்த இரு 'ஆகவே'களும் கணினி வரலாற்றில் முன்னரே ஒருமுறை நிகழ்ந்தவை.

மின்குறிப்பு ஒரு நானோநொடியில் வெற்றிடத்தில் ஏறத்தாழ 30 செ.மீ. பயணம் செய்யும், கம்பிக்குள் அதைவிடக் குறைவு, சுமார் 20 செ.மீ. கிரேஸ் ஹாப்பர் தம் சொற்பொழிவுகளில் ஓரடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித் துண்டுகளை வழங்கி, 'இதுதான் ஒரு நானோநொடி' என்று விளக்குவது வழக்கம். இதிலிருந்து ஒரு சங்கிலி பிறக்கிறது. கணினி விரைய வேண்டுமெனில் கம்பி குறுக வேண்டும். கம்பி குறுகினால் உறுப்புகள் நெருங்கும். நெருங்கினால் வெப்பம் தேங்கும். காற்றால் அதை அகற்ற இயலாத எல்லை வந்ததும் ஒரு திரவம் தேவைப்படும்.

இச்சங்கிலியைக் கண்ணால் காண உதவும் பொருள் கிரே-1 என்னும் மீத்திறன் கணினி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள சிப்பெவா ஃபால்ஸ் என்ற சிற்றூரில், அவ்வூரிலேயே பிறந்த சீமூர் கிரேயின் நிறுவனம் அதை உருவாக்கியது. முதல் இயந்திரம் 1976இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குச் சென்றது. மேலிருந்து நோக்கினால் ஆங்கில 'சி' எழுத்தின் வடிவம். அடியைச் சுற்றி மெத்தையிட்ட இருக்கை. 'உலகிலேயே விலையுயர்ந்த இருக்கை' என்ற கேலி இன்றும் நிலவுகிறது. ஆனால் அந்த இருக்கைக்குள் இருந்தவை மின்வழங்கிகள். வளைவும் அழகுக்காக அன்று. வளைவின் உட்புறத்தில் கம்பிகள் ஓடின. அங்கே தூரம் குறைவு. எந்தக் கம்பியும் நான்கடியைத் தாண்டக் கூடாது என்பது விதி. நான்கடியைக் கடக்க மின்குறிப்புக்கு ஏறத்தாழ 6 நானோநொடி. இயந்திரத்தின் ஒரு துடிப்போ 12.5 நானோநொடி. ஏறக்குறைய பாதித் துடிப்பைக் கம்பியே விழுங்கிவிடும்.

அறுபது மைலுக்கும் மேற்பட்ட அக்கம்பிகளைப் பொருத்தியவர் யார்? அவ்வூர்ப் பெண்கள். 1,662 சுற்றுப்பலகைக் கூறுகளுக்கு இடையே, முறுக்கிய இரட்டைக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் இணைத்தனர். குறிப்புகள் குறித்த கணத்தில் வந்து சேர வேண்டும் என்பதால் நீளம் பிசகக் கூடாது. இக்கணினியின் காலக்கணக்கு வரைபடத்தில் பாதி இருந்தது எனில், மறுபாதி கத்தரிக்கோல் பிடித்த கையில் இருந்தது என்பது என் கருத்து. சீமூர் கிரேயைப் பற்றி நூல்கள் உள்ளன. இப்பெண்கள் பெரும்பாலும் ஒளிப்படங்களில் கம்பிக் காட்டுக்குள் குனிந்த முதுகுகளாகவே எஞ்சுகின்றனர். 'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரு காலத்தில் கணக்கிடும் மனிதரை, பின்னாளில் பெரும்பாலும் பெண்களையே, குறித்தது. நம் கணியனும் மனிதன்தான். சொல் இயந்திரத்துக்கு மாறியபோது கை மறைந்துபோயிற்று.

இனி வெப்பம். கிரே-1 சுமார் 115 கிலோவாட் மின்சாரத்தை உண்டது. அதைக் குளிர்வித்தது நீர் அன்று, குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட ஃப்ரியான். இப்பணிக்குப் பொறுப்பேற்ற டீன் ரௌஷ் குளிர்பதனத் துறையிலிருந்து வந்தவர். வார்ப்பு அலுமினியத் தண்டுகளுக்குள் துருவேறா எஃகுக் குழாய்களைப் புதைத்து, அவற்றினூடே குளிர்திரவத்தைச் செலுத்தினர். கசிவைத் தடுப்பதே பெரும்பாடாக இருந்தது. 1985இன் கிரே-2இல் குழாய்களைக் கைவிட்டுச் சுற்றுப்பலகைகளையே மின்கடத்தாத் திரவத்தில் மூழ்கவைத்தனர். நீரைப் பயன்படுத்திய மரபு ஐபிஎம்முடையது. 1960களின் அதன் பெருங்கணினிகளிலேயே அது உண்டு.

இந்தியாவில் இவ்வரலாற்றை நாம் வேறு விதமாகச் சொல்லிப் பழகிவிட்டோம்: அமெரிக்கா கிரேயை மறுத்தது, சி-டாக் 1988இல் பிறந்தது, 1991இல் பரம் 8000 வந்தது. பெருமைக்குரிய கதை, ஆனால் அரைக்கதை. நாம் விரும்பிய ஆற்றல்மிக்க இயந்திரம் மறுக்கப்பட்டாலும், ஒற்றைச் செயலியுள்ள கிரே எக்ஸ்-எம்பி/14, நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின்னர், பருவமழை முன்கணிப்புக்காக 1980களின் இறுதியில் புது தில்லிக்கு வந்தது. வேறு பணிக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைகளும் உடன் வந்தன. அதுவும் கிரே-1இன் வழிவந்த கம்பிக் காடுதான். அதுவும் திரவத்தால் குளிர்ந்ததுதான். மறுப்பை நினைவில் வைத்திருக்கும் நாம், வந்து சேர்ந்ததை மறந்துவிட்டோம்.

பின்னர் சில்லு சிறுத்தது. கம்பிகள் சிலிக்கனுக்குள் புகுந்தன. வீட்டுக் கணினிக்குக் காற்றே போதுமாயிற்று. ஆயினும் 1990களின் இறுதியில், செயலியை விதித்த வேகத்துக்கு மேல் ஓட்ட விரும்பியவர்கள் காரின் சூடேற்றியையும் மீன்தொட்டியின் நீரேற்றியையும் கழற்றி வந்து கணினியுடன் இணைத்தனர். ஆயத்தப் பொருள்கள் கடைகளுக்கு வந்தது பிறகுதான். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே நீர்ச்சுற்றில் வைத்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதைப் பலர் கசிவு கண்டே கற்றனர்.

மின்னியல் நோக்கில் பின்னலுறையால் பெரும் பயன் இல்லை. அந்த அளவில் அலங்காரம் என்றவர்கள் சொன்னது சரி. நீளம் வேறு. சுற்றுப்பலகைக்குச் செல்லும் முதன்மைக் கம்பிக்கற்றையில் 24 முனைகள். கற்றை வளையும்போது வெளிவளைவுக் கம்பி உள்வளைவுக் கம்பியைவிட நீளமாக இருந்தால்தான் வரிசை கலையாது. விடுதி மாணவர் நூல் பிடித்து அளந்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் மில்லிமீட்டரில் ஒரு தாளில் குறித்திருந்தார். சில எண்கள் இருமுறை அடிக்கப்பட்டிருந்தன. வேலை முடிந்ததும் தாளைக் கசக்கி எறியப் போனார். நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.