கொழுந்து பறித்த பங்குதாரர்

பங்கு என்றவுடன் நம்மவர்க்கு நினைவில் வருபவர் பங்காளிகளே. கம்பெனிப் பங்கு அதனின் வேறானது. ஊழியர்க்குக் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை அளித்தலும், விற்ற பங்கைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளுதலும் இன்று பெருநகர் அலுவலகங்களில் வழக்கமான பேச்சு. திரும்ப வாங்குதற்கு நம் நாட்டுச் சட்டம் இடங்கொடுத்தது 1998இல்தான்.

இவ்வரலாற்றில் மேசையருகே அமராத தமிழர்க்கும் ஓர் இடம் உண்டு.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களுள் கல்குளம், விளவங்கோடு முதலியவை சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. ஒற்றசேகரமங்கலம் அன்று அடங்கியிருந்த நெய்யாற்றங்கரையும், மூணாறு அடங்கிய தேவிகுளமும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. நெய்யாற்றங்கரையார்க்குத் தமிழக எல்லை கூப்பிடு தூரம். மூணாற்றின் லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்க்கோ தோட்டமே ஊர், தோட்டமே உலகம்.

1897இல் தோன்றிய கண்ணன் தேவன் கம்பெனியின் தோட்டங்கள் பின்னர் டாட்டா வசமாயின. தேயிலை விலை வீழ்ந்து நட்டம் பெருகவே, 2005இல் அவை புதியதொரு கம்பெனிக்கு மாறின. அதன் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பகுதி ஊழியர் கையில். பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் தமிழர், ஒரே நாளில் முதலாளிகளாயினர். காகிதத்தில் அப்படித்தான்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. பெருநகர் ஊழியர் தம் பங்கைச் சந்தையில் விற்று வீடு கட்டுவார். மூணாற்றுப் பங்கோ பங்குச் சந்தையில் விலை கூறப்படுவதன்று. இலாபம் வந்தால் ஈவுத்தொகை உண்டு. வாராவிடில் நாட்கூலியே கதி. கூலியைக் கூட்டினால் இலாபம் குறையும் என்று உடைமையாளரிடமே சொல்லவும் இடம் ஏற்பட்டது. இவ்வேற்பாட்டைத் தொழிலாளர் வெற்றி என்று மட்டும் போற்றுவோர் இதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2015 செப்டம்பரில் போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆயிற்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் மூணாற்றுச் சாலையில் வந்து அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் அருகில் அண்டவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று அக்கூட்டம் பெயர் பெற்றது. தாம் பங்கு வைத்திருந்த கம்பெனியை எதிர்த்தே அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்!

முடிவில் போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67 எனப் பழைய இருபதே கிடைத்தது. நாட்கூலி அப்போது 232 ரூபாய். அடுத்த மாதம் 301 ஆக உயர்த்த உடன்பாடாயிற்று. அப்பெண்கள் கேட்டிருந்தது 500.