சிவகாமிக்கு ஏன் அம்மா இல்லை?

எங்கள் வீடு முடிச்சூர் சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையில் மேற்கே போனால் மணிமங்கலம். நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த இடங்களில் ஒன்று என்று கூரம் செப்பேடு குறிப்பிடும் ஊர். கிழக்கே தாம்பரம் வந்து மின்சார ரயிலேறினால் மூன்றாவது நிறுத்தம் பல்லாவரம். அங்கே நரசிம்மனின் தந்தை மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது; அவனுடைய விருதுப்பெயர்கள் வெட்டப்பட்ட அந்தக் குகை இன்று தர்காவாக இருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையில், குன்றின் மேல், திருநீர்மலைப் பெருமாள் கோயில். 'சிவகாமியின் சபதம்' நாவலின் இரண்டு அரசர்களும் என் வீட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள் என்று வகுப்பில் சொல்வது என் வழக்கம். புறநகர்ப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு சந்தோஷம். தங்கள் பேருந்து நிறுத்தத்துக்கும் வரலாறு உண்டென்று தெரிய வருகிறதல்லவா?

நாலைந்து ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேம், சிவகாமிக்கு ஏன் அம்மா இல்லை?"

இறந்துவிட்டாள், கதையில் அவ்வளவுதான் என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். போனது நான்தான், கேள்வி போகவில்லை. அத்தனை ஆண்டுகள் அந்த நாவலைப் பாடம் நடத்தியும் அது எனக்குத் தோன்றியதே இல்லை. சிவகாமிக்கு அப்பா ஆயனச் சிற்பி இருக்கிறார். ஒரு அத்தை இருக்கிறாள். ரதியென்ற மான்குட்டிகூட இருக்கிறது. பரதம் பயின்ற ஒரு பெண்ணுக்கு, அந்தக் கலையைக் கையில் கொடுத்த பெண் என்று ஒருத்தியும் இல்லை. அப்பா சொல்லித் தருகிறார், அவளுடைய அபிநயத்தைப் பார்த்துச் சிலை வடிக்கிறார். தாய்வழியில் வந்து சேர்ந்த ஒரு கலையைக் கல்கி தந்தைவழியில் கொண்டுவருகிறார். ஏன்?

வரலாற்று நாவலாசிரியர்களின் வாழ்க்கையைப் பற்றி நாம் படிக்கிற கதைகளில் எல்லாம் ஒரு கடற்கரை வரும், அல்லது ஒரு கல்வெட்டு, ஒரு பயணம். 'சிவகாமியின் சபதம்' பிறந்த கதையைக் கல்கியே முன்னுரையில் எழுதியிருக்கிறார். மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது கதையின் மாந்தர்கள் தோன்றினார்கள். அழகான இடம், அதை எத்தனை தடவை படித்தாலும் அலுக்காது. 'பொன்னியின் செல்வ'னுக்காக ஓவியர் மணியத்தோடு இலங்கைக்குப் போன கதையும் அப்படித்தான். நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த காலத்தில், எழுத்தாளரின் வீட்டுக்குள் நடந்ததையும் ஒரு அத்தியாயமாக எழுதப் பார்த்தேன். "அது ஆய்வில்லைம்மா, வம்பு" என்று சொல்லி அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். பட்டம் வேண்டியிருந்தது. இரண்டு ஆண்கள் கடற்கரையில் பேசியது படைப்பின் ஊற்று, வீட்டில் பெண்கள் செய்தது வம்பு. இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்று அப்போது கேட்கத் தெரியவில்லை.

அந்த விட்டுப்போன அத்தியாயத்தைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கல்கியின் வாழ்க்கையை எல்லோரும் அறிவோம். 1899இல் மாயவரத்துப் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப்படிப்பை விட்டார், 1922இல் சிறை. பிறகு திரு.வி.க.வின் 'நவசக்தி', ராஜாஜியின் திருச்செங்கோடு ஆசிரமம், 'ஆனந்த விகடன்'. 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் மறுபடி சிறைக்குப் போனதோடு விகடன் வேலையும் முடிந்தது. அப்போது வீட்டில் மனைவி ருக்மிணி, மகள் ஆனந்தி, மகன் ராஜேந்திரன். சிறையிலிருந்து வந்தபின் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தமாகப் பத்திரிகை தொடங்குகிறார். 1941 ஆகஸ்டில் 'கல்கி' வந்தது. பார்த்திபனும் சிவகாமியும் வந்தியத்தேவனும் அதில்தான் தொடராக உலவினார்கள். தமிழில் வரலாற்று நாவல் பெருவாரியான வாசகர்களுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தத் தாள்களில்தான்.

பத்திரிகைக்குப் பணம்? அது எம்.எஸ். சுப்புலட்சுமி சம்பாதித்தது. 1941இல் வந்த 'சாவித்திரி' படத்தில் அவர் நாரதராக நடித்தார். பதிவிரதை சாவித்திரியாக நடித்தவர் மராத்தி நடிகை சாந்தா ஆப்தே, எம்.எஸ்.ஸுக்குக் கிடைத்தது ஆண் வேடம், சடைமுடியும் தம்பூராவும். அந்த வேடத்துக்குக் கிடைத்த ஊதியம்தான் 'கல்கி'யின் முதல். நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்பார்கள், இந்த விஷயத்தில் தமிழ் வாசகருக்கு நன்மையில்தான் முடிந்தது. இதை யாரும் மறைத்ததில்லை, வாழ்க்கை வரலாறுகளில் ஒரு வரியாக வரும். ஒரு வரியாகவே வந்து போய்விடும் என்பதுதான் என் குறை. மாமல்லபுரத்து மணலுக்கு ஒரு பத்தி கிடைக்கிறது, சுப்புலட்சுமியின் உழைப்புக்கு ஒரு வரி.

அந்த நாரதர் யார்? மதுரையில் வீணை சண்முகவடிவின் மகள், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தேவதாசி மரபு என்று நாம் பொதுவாகச் சொல்கிற மரபில், தகப்பன் பெயரை முன்னால் போடாமல் ஊர்ப் பெயரையும் தாய் பெயரையும் போட்டுக்கொண்டு வளர்ந்த பெண். மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி என்பதுதான் அந்த எம்.எஸ். நாம் எல்லோரும் நாள்தோறும் உச்சரிக்கிற அந்த இரண்டு எழுத்துக்குள் ஓர் ஊரும் ஒரு தாயும் இருக்கிறார்கள். 1936இல் அவர் மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்தார். 1940இல் சதாசிவத்தை மணந்தார். மணம் நடந்தது திருநீர்மலையில்.

எங்கள் திருநீர்மலையில்! இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய அந்த மலைக்கோயிலில் முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டம் நெரியும். அங்கே சினிமாப் படப்பிடிப்புக் கல்யாணமும் நடக்கும், நிஜக் கல்யாணமும் நடக்கும். எந்தக் கல்யாணம் எதுவென்று சில சமயம் பூக்காரருக்கே தெரியாது. சதாசிவத்துக்கு அதற்கு முன்பே மணமாகி மனைவி இறந்திருந்தார், இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள். சுப்புலட்சுமி அந்தப் பெண்களுக்குத் தாயானார். அதன்பின் கச்சேரியும் படமும் வருமானமும் எல்லாம் கணவரின் திட்டப்படி நடந்தன. அவர் அதில் மகிழ்ச்சியாக இருந்தாரா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பொட்டுக் கட்டும் மரபில் வந்த ஒரு பெண்ணுக்கு, ஒரு மனிதன் கட்டுகிற தாலி அன்று எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை, பாதுகாப்பாகவே வளர்ந்த நம்மால் எடை போட முடியாது.

இப்போது ஆண்டுகளை வரிசையாகப் பார்ப்போம். 1944இல் 'சிவகாமியின் சபதம்' தொடங்குகிறது. 1945இல் எம்.எஸ். நடித்த 'மீரா' வெளிவருகிறது. சதாசிவத்தின் தயாரிப்பு, இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கன். 'காற்றினிலே வரும் கீதம்' கல்கி எழுதிய பாட்டு. 1946இல் சிவகாமியின் கதை முடிகிறது. 1947இல் கோயில்களுக்குப் பெண்களை நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறுகிறது.

மீரா ராணாவின் மனைவியாக இருந்தும் கண்ணனையே கணவனாக வரித்தவள். சிவகாமி? வாதாபியில் சிறைப்பட்டுக் கிடந்து, சகமனிதர்கள் கசையடி படுவதைத் தடுக்கத் தெருச்சந்தியில் ஆடியவள். அந்த நகரம் எரிந்த பிறகே வெளியேறுவேன் என்று சபதம் செய்து, மாமல்லன் மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும் மறுத்தவள். ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தால் மாமல்லன் பாண்டிய இளவரசியை மணந்து பிள்ளைகளோடு இருக்கிறான். கடைசி அத்தியாயத்தில் சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதரைக் கணவனாக ஏற்றுத் திருமாங்கல்யம் அணிந்து ஆடுகிறாள். மாமல்லன் கண்ணீரோடு போய்விடுகிறான். நாமும் அழுகிறோம். என் பாட்டி அழுதிருக்கிறார், அம்மா அழுதிருக்கிறார், நானும் பதினான்கு வயதில் தலையணைக்குள் முகம் புதைத்து அழுதிருக்கிறேன்.

அழுது முடித்துப் பார்த்தால், அந்தக் கடைசிக் காட்சியில் நடப்பதற்குப் பெயர் பொட்டுக்கட்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் இறுதியிலிருந்து சட்டமன்றத்தில் எதிர்த்துப் போராடியது அதைத்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை'யை எழுதியதும் அதற்காகத்தான். அம்மையார் தாமே அந்த மரபில் வளர்ந்தவர். அவருடைய நாவலில் அது ஏமாற்று, வியாபாரம், பசி. பத்தே ஆண்டு கழித்துக் கல்கியின் நாவலில் அதுவே தியாகம், முக்தி, கலை.

கல்கி நேர்மையில்லாதவர் என்று இதைப் படிக்கக் கூடாது. 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆடல்பாடல் விமர்சனம் எழுதி, அந்தக் கலை அழியக்கூடாது என்று வாதாடியவர் அவர். ஆனால் கலையைக் காப்பாற்ற நினைத்தவர்கள் பலருக்கும் அந்தக் கலையை வைத்திருந்த குடும்பங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டத்துக்கும் தெரியவில்லை, பொட்டை அறுத்ததே தவிர மேடையையும் பிழைப்பையும் அது கொடுக்கவில்லை. கல்கியின் நாவல் தனக்கேயுரிய ஒரு வழி கண்டது. சிவகாமிக்குத் தாயை இல்லாமலாக்கியது. தாய் இல்லையென்றால் பாட்டி இல்லை, மரபு இல்லை, குலம் இல்லை, 'அந்த வீட்டுப் பெண்' என்ற பேச்சு இல்லை. சிற்பியின் மகள், களங்கமில்லாத கலைமகள். அவள் இறைவனுக்கு மாலையிட்டால் அது நேர்ந்துவிட்டது ஆகாது, அவளே தேர்ந்துகொண்டது ஆகும். ஆண்டாள் மாதிரி, மீரா மாதிரி.

அந்த நாவல் அச்சேறிய பத்திரிகைக்கு முதல் போட்டவரோ தாயின் பெயரைத் தலையெழுத்தாகச் சுமந்தவர். அவர் கோயில் மரபிலிருந்து வீட்டுக்கு வந்தார். அவர் பணத்தில் வந்த பத்திரிகையின் நாயகி வீட்டுக் கனவிலிருந்து கோயிலுக்குப் போகிறாள். கல்கி இதைத் திட்டமிட்டு எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். சொந்த வாழ்க்கை ஓர் எழுத்தாளனுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கடற்கரையில் தோன்றிய பாத்திரத்துக்கு ரத்தமும் சதையும் அன்றாடம் பழகிய வீட்டிலிருந்து வராமல் எங்கிருந்து வந்திருக்கும்?

இன்னொன்றும் உண்டு. அதே 1940களில் கல்கியின் மகள் ஆனந்தியும் சதாசிவத்தின் மகள் ராதாவும் வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதம் கற்றுச் சேர்ந்து மேடையேறினார்கள். சிவகாமியின் அப்பாவைப் போலவே கல்கியும் மகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு எழுதிய தகப்பன். சலங்கை ஒலி அவருக்குக் கற்பனை இல்லை. பிராமண வீட்டுப் பெண் குழந்தைகள் ஆடலாம் என்று ஆகிவிட்ட காலம் அது, ஆடிக்கொண்டிருந்த குடும்பங்களின் பெண் குழந்தைகளை 'ஆடாதே, பள்ளிக்கூடத்துக்குப் போ' என்று தாய்மார்களே தடுத்த காலமும் அதுதான்.

கல்கி 1954 டிசம்பரில் காலமானபோது 'அமர தாரா' பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து அதை எழுதி முடித்தவர் ஆனந்தி. அப்பாவின் கதையை மகள் முடித்தாள். தந்தைவழி என்று மேலே எழுதினேனே, அதன் நல்ல பக்கமும் இதுதான். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு வரியில் ஒருத்தியைக் கடந்து போனவளாவேன்.

என்னிடம் பாட்டியின் பைண்டு புத்தகம் ஒன்று இருக்கிறது. வாராவாரம் கத்தரித்துச் சேர்த்து, மாவுப்பசையும் நூலும் போட்டுத் தைத்த சிவகாமி. சதுரமாக வெட்டியதில் பின்பக்கத்து விளம்பரங்கள் பாதி பாதியாக நிற்கும். ஒரு தாளில் முன்பக்கம் வாதாபியில் சிவகாமி, திருப்பினால் கழுத்தோடு வெட்டுப்பட்ட 'மீரா' விளம்பரம்; தம்பூராவும் கையும் மட்டும் இருக்கின்றன. முகம் கத்தரியோடு போய்விட்டது. சிறுவயதில் அது யாருடைய கை என்று பாட்டியிடம் கேட்டேன். "நம்ம சுப்புலட்சுமிடி, வேற யாரு" என்றார்.

போன தை மாதம் அந்த மாணவி தன் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளும் ஆசிரியை. கல்யாணம் திருநீர்மலையில், பெருமாள் சந்நிதியில்தான் தாலி என்றாள். பாட்டியின் புத்தகத்தை எடுத்து அந்தத் தாளைக் காட்டினேன், 1940இல் அங்கே நடந்த கல்யாணத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பத்திரிகையில் என் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தவள், தலைநிமிர்ந்து கேட்டாள்:

"மேம், உங்க இனிஷியல் அப்பாவோடதா, அம்மாவோடதா?"