பள்ளிச் சுவருக்கு அப்பால்

கல்வி என்பது நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுவதன்று என்று அறிஞர் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். ஆயினும் சுற்றுலா, சாரணர் பயிற்சி, நாடகம், தோட்டவேலை ஆகியவற்றிற்குப் பள்ளியில் எஞ்சிய நேரமே கிடைத்துவருகிறது. இவை கல்விக்கு அணிகலனா, உறுப்பா? மும்பையின் கிழக்கோரத்தில் உள்ள கோவண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் துணையாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

கோடைப் பருவத்தில் மாணவரை வெளியே அழைத்துச் செல்லும் வழக்கம் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பொருந்துவது. அங்கே ஏப்ரல் முதல் ஜூலை வரை வெயில் இதமாக இருக்கும். மும்பையிலோ பள்ளி ஆண்டு ஜூன் மாதத்து மழையோடு தொடங்குகிறது. தேர்வுகள் முடிந்தபின் மே மாதம் விடுமுறையில் கழிகிறது. ஆகவே இங்குப் பள்ளிச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலுமே நடைபெறும். தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குக் கோடைப் பயணம் என்றால் திருநெல்வேலிச் சீமைக்கு இரயிலேறுவதே. மேற்குத் தொடர்ச்சி மலையையும் தக்காணப் பீடபூமியையும் கடந்து செல்லும் அந்தப் பயணத்தைப் போன்ற பூகோள பாடம் வேறொன்றில்லை. ஆனால் அதனை ஏற்பாடு செய்தது பள்ளியன்று, பெற்றோரின் சிறுசேமிப்பே.

பள்ளிக்கு வெளியே பயிலும் முறைக்கு உலக அளவில் ஒரு வரலாறு உண்டு. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களுக்கு ஒரு கூடாரமுகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகத் தங்கினர். சாரணர் இயக்கம் அங்கிருந்தே தோன்றியது. இந்தியாவில் அவ்வியக்கம் முதலில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்க்குக் கதவு அடைக்கப்பட்டிருந்த நிலையில், 1916இல் சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையார் இந்தியச் சாரணர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பல கிளைகளாகப் பிரிந்து நின்ற இயக்கம், நாடு விடுதலை பெற்றபின், 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றுபட்டது.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலும் இக்கருத்து வேர்விட்டது. 1919இல் அங்குச் சமூகவியல் துறையின் முதற்பேராசிரியராக அமர்ந்த பேட்ரிக் கெடிஸ், நகரத்தை நேரில் கண்டே அறியவேண்டும் என்று வற்புறுத்தியவர். பின்னர் 1952இல் மத்திய அரசு உயர்நிலைக் கல்வியை ஆராய, டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பாடப்புறச் செயல்கள் பள்ளி வாழ்வின் பிரிக்கமுடியாத பகுதி என்று அக்குழு 1953இல் அறிவித்தது. அணிகலன் என்று கருதப்பட்டதனை உறுப்பு என ஏற்ற தீர்ப்பு அது.

தீர்ப்பு எழுதியாயிற்று, நடைமுறை எவ்வாறு இருந்தது? கோவண்டிக்கு அருகிலுள்ள தேவனார், 1927 முதல் நகரத்தின் குப்பையைத் தாங்கிவரும் இடம். சற்றுத் தொலைவில் டிராம்பேயில், 1956இல் அப்சரா என்னும் அணு உலை இயங்கத் தொடங்கியது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பகுதியில் ஜனதா காலனி என்னும் குடியிருப்பு இருந்தது. நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்கள் அங்கே வாழ்ந்தனர், தமிழரும் பலர். 1963இல் கோலார் தங்கவயலிலிருந்து மும்பைக்கு வந்து, தச்சுவேலை செய்துகொண்டிருந்த ஜோக்கின் அற்புதம் என்னும் இளைஞர் அங்கே குடியேறினார். தெருவில் திரிந்த பிள்ளைகளைப் பாட்டாலும் ஆட்டத்தாலும் ஒன்றுசேர்த்து, ஒரு சிறு பள்ளி நடத்தலானார்.

அக்குடியிருப்பில் குப்பை மலைபோல் குவிந்திருந்தது; அள்ளுவாரில்லை. ஒருநாள் அவர் பிள்ளைகளை உல்லாசப் பயணத்திற்கு அழைத்தார். ஒவ்வொருவரும் ஒரு பொட்டலம் எடுத்துவர வேண்டும் என்பது ஏற்பாடு. பொட்டலத்தில் இருந்தது கட்டுச்சோறன்று, குப்பை! பிள்ளைகள் வரிசையாக நடந்துசென்று, மாநகராட்சி அலுவலகத்தின் முன் அதனைக் கொட்டினர். அதன்பின் அதிகாரிகள் பேச இசைந்தனர். குப்பை அள்ளும் வேலையும் தொடங்கியது. வரி வாங்கும் அலுவலகம் எங்குள்ளது, அதன் கடமை யாது, அதனிடம் எவ்வாறு கேட்பது என்னும் குடிமைப் பாடத்தை அப்பிள்ளைகள் ஒரே நாளில் கற்றனர். இந்திய நாட்டுப் பள்ளிச் சுற்றுலாக்களின் வரலாற்றில் இதற்கு ஓர் இடம் தரவேண்டும் என்பது நம் கருத்து.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17ஆம் நாள், அணு ஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்காக ஜனதா காலனி தரைமட்டமாக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள் சீட்டா கேம்ப் என்னும் சதுப்பு நிலத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பிற பள்ளி மாணவர் ஊருக்குப் போய்வரும் கோடையில், இப்பிள்ளைகள் மேற்கொண்டது திரும்பிவராத பயணம். ஜோக்கின் அற்புதம் 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018இல் மறைந்தார்.

இன்று கோவண்டி அடங்கிய எம்-கிழக்கு வார்டு, 2009இல் வெளிவந்த மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் நகரிலேயே கடைசி இடம் பெற்றது. ஆயினும் காணத்தக்கவை அப்பகுதிப் பிள்ளைகளுக்குத் தொலைவில் இல்லை. 2015இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட தாணே கடற்கழியில், நவம்பர் முதல் மே வரை பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இரைதேடுகின்றன. மும்முகச் சிவன் வீற்றிருக்கும் எலிஃபண்டா தீவு எதிர்க்கடலில் உள்ளது. வொர்லியில் 1977இல் திறக்கப்பட்ட நேரு கோளரங்கமும் 1985இல் திறக்கப்பட்ட நேரு அறிவியல் மையமும் உள்ளன. குறுக்கே நிற்பது பேருந்துக் கட்டணமே. சுற்றுலாவிற்குப் பணம் கட்ட இயலாத பிள்ளை அன்று வீட்டில் தங்கிவிடுகிறது. மறுநாள் வகுப்பில் அந்தச் சுற்றுலாவைப் பற்றியே கட்டுரை எழுதச் சொல்லப்படுகிறது.

சுற்றுலா கல்வியின் உறுப்பென்றால், பாடநூலைப் போல அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் உரியது. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. அவ்வெட்டு மொழிப் பிள்ளைகளும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கட்டணமின்றி ஒன்றாகப் பயணம் செய்யும் ஏற்பாடு அமையுமாயின், 1953இல் எழுதப்பட்ட தீர்ப்பு கோவண்டியை எட்டியதாகும்.