நந்தி தெரிகிறது, சேரி தெரியவில்லை



பொத்தேரி ஏரிப்பாசன மண். காவிரி இங்கே ஓடவில்லை. ஆனாலும் இந்த நினைவு நாளில் மேட்டூர் அணையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அந்த அணையின் கதையில் செங்கல்பட்டுக்கும் பங்கு உண்டு.

1925-இல் தொடங்கிய கட்டுமானம் முடிந்து 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. 1937-இல் மின் உற்பத்தி தொடங்கியது. 120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கும் இந்த முதிய அணையை நம்பித்தான் இன்றும் டெல்டாவில் நாற்று விடுகிறார்கள்.

அணையில் நீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். பத்திரிகைகள் படம் போடும். மூழ்கிய ஊர்களின் வரலாறு அந்தப் படத்தோடு முடிந்துவிடும். சேரி இல்லாத ஊரை நாம் பார்த்ததில்லை. அந்த ஊர்களின் சேரிகள் எங்கே? கல் நிற்கும், மண்சுவர் கரைந்துவிடும். கரைந்தது சுவர் மட்டுமல்ல. 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிலத்தில் உரிமை காட்டக்கூடியவருக்கே இழப்பீடு தந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு, அடுத்தவர் வயலில் உழைத்தவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

கீழே டெல்டாவிலும் இதே கதைதான். தண்ணீர் நிலத்துக்குப் போனது. நிலமோ மிராசுதாரரிடம் இருந்தது. அணை திறந்து 34 ஆண்டுகள் கழித்து, அந்தக் காவிரிப் பாசனப் பூமியில், நெல் கூலியை உயர்த்திக் கேட்ட வெண்மணி மக்களில் 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்டார்கள்.

இதனால் நாம் அணைக்கு எதிரிகள் அல்ல. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், தாமோதர், மகாநதித் திட்டங்களுக்கு அடித்தளம் இட்டார். மலிவான மின்சாரம் தொழில்களை வளர்க்கும், தொழில் வளர்ச்சி ஏழையை வறுமையிலிருந்து மீட்கும் என்பது அவர் பார்வை. அந்த வெளிச்சம் யார் வீட்டுக்கு முதலில் போகிறது என்பதே நம் கேள்வி.

இப்போது செங்கல்பட்டுக்கு வருவோம். மேட்டூருக்கு நாற்பதாண்டு முன்பே, 1891-இல், இம்மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர் தம் அறிக்கையில் பறையர் மக்களின் நிலையை எழுதினார். குடியிருக்கும் மனையே சொந்தமில்லாததால் அவர்கள் மிராசுதாரருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்ததை எடுத்துக்காட்டி, மனைக்கும் நிலத்துக்கும் உரிமை கேட்டார். பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது அந்த அறிக்கை. மேட்டூரில் மூழ்கிய சேரிக்கு இல்லாமல்போன காகிதம் அதுதான்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஏதாவது ஒரு திட்டத்துக்கு நிலம் அளக்க வரும்போது, பட்டா இல்லாத குடும்பங்களின் பட்டியலை முதலில் நீங்கள் எழுதுங்கள். நீர் வற்றினாலும் வற்றாவிட்டாலும் அந்தப் பெயர்கள் தெரிய வேண்டும்.

ஜெய்பீம்.